ஒரு விரல எடுக்க விட்டா முழங்கால் வரைக்கும் போயிடுமா டாக்டர்?

டெல்டா பக்கத்துல இருந்து ஒரு வாசகி நீளமா ஒரு கடிதம் அனுப்பியிருக்காங்க. பேரு, ஊரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால அடையாளம் தெரியற விஷயத்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா தரேன்.

அப்பாவுக்கு 56 வயசு. அரசு பஸ்ல கண்டக்டர். சுகர் வந்து 17 வருஷம் ஆச்சு, பீடி அதுக்கும் முன்னாடி இருந்தே. ரெண்டு மூணு வருஷமா பாதம் மதமதன்னு இருக்கு, ராத்திரி ஆனா எரியுதுன்னு சொல்லிட்டே இருந்தவருக்கு டிப்போவுல யாரோ ஒரு வைத்தியம் சொல்லியிருக்காங்க, செங்கல்ல நல்லா சூடு பண்ணி அது மேல எருக்க இலைய வச்சு மிதிக்கணும்னு. மிதிச்சிருக்காரு. மறுநாள் காலையில மகள்தான் கொப்புளத்தப் பாத்திருக்காங்க, அவருக்கு சுட்டதே தெரியல. கொப்புளம் ஒடஞ்சு புண்ணாகி மூணு வாரத்துல ரெண்டாவது விரல் நுனி கறுத்துப் போச்சு. தாலுகா ஆஸ்பத்திரியில பாத்துட்டு "விரல எடுக்க வேண்டியிருக்கும், தள்ளிப் போடாதீங்க"ன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்பா அந்த சீட்ட மடிச்சு பையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. காரணம் பெரியப்பா. அவருக்கு முதல்ல ஒரு விரல், அப்புறம் பாதி பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழன்னு ஒரே வருஷத்துல மூணு தடவ எடுத்து, அதுக்கடுத்த வருஷம் இறந்துட்டாரு. "கத்தி வச்சா நிக்காது"ன்னு அப்பா முடிவு பண்ணிட்டாரு. இன்சுலின் ஆரம்பிச்ச பிறகுதான் அண்ணனுக்கு கால் போச்சுன்னு சொல்லி தன்னோட இன்சுலினையும் நிறுத்திட்டு, புண்ணு மேல இலைய அரைச்சுப் பூசிக்கிட்டு இருந்திருக்காரு.

மகளோட கேள்விகள் இதுதான். விரல எடுக்காம காப்பாத்த முடியுமா? எடுத்தா மேல மேல போகும்ங்கறது உண்மையா? வலியே இல்லையே, அப்போ அவ்ளோ மோசமா இருக்காதுதானே? இன்னொரு டாக்டர்கிட்ட காட்டலாமா? வேலை என்னாகும்? "எனக்கும் நாளைக்கு இப்படித்தானா?"

இனி உங்ககிட்ட நேரா பேசறேன்மா.

உங்க கடிதத்தோட கடைசிப் பக்கத்துல போற போக்குல ஒண்ணு எழுதியிருந்தீங்க, ரெண்டு நாளா புண்ணுல வாடை வருது, பாதத்து மேல்பக்கம் சிவந்து வீங்கியிருக்கு, மெஷின்ல சுகர் 380 காட்டுதுன்னு. எனக்கு அதுதான் முதல் வரி. அதனாலதான் அன்னிக்கே தனியா பதில் போட்டேன், இதப் படிச்ச உடனே கூட்டிட்டுப் போங்க, மத்தத அப்புறம் பேசுவோம்னு. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில சேத்துட்டீங்க, ஆன்டிபயாட்டிக்கும் இன்சுலினும் போயிட்டு இருக்கு, சீழ கீறி வெளியேத்த மட்டும் சம்மதிச்சாரு, விரல எடுக்க கையெழுத்து போட மாட்டேங்கறாருன்னு தகவல் அனுப்புனீங்க. ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. இப்ப கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைச்சிருக்கு, அதுக்காகத்தான் இவ்ளோ விரிவா எழுதறேன்.

இதே நிலைமையில இருக்கற மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். கறுத்த விரல் ரெண்டு விதமா இருக்கும். ஒண்ணு காஞ்சு சுருங்கி, வாடை இல்லாம, சுத்தி சிவப்பு இல்லாம, கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி இருக்கும். அதுக்கு டாக்டர் கண்காணிப்புல சில நாள், சில வாரம்கூட பொறுத்துப் பாக்கலாம், ரத்த ஓட்டத்த சரி பண்ணிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம், சில சமயம் அந்த நுனி தானாவே பிரிஞ்சு விழும். இன்னொண்ணு ஈரமா, வாடையோட, சிவப்பு பாதத்துல ஏறிக்கிட்டே, சுகர் திடீர்னு எகிறிக்கிட்டு இருக்கறது. அதுல சீழ் உள்ளுக்குள்ள தசைநார் வழியா மேல ஏறும், அங்க நாள் கணக்கு இல்ல, மணி கணக்கு. ஜுரம் இல்லையேன்னு ஏமாந்துடாதீங்க, சுகர்காரங்களுக்கு பெரிய இன்ஃபெக்ஷன்லயும் ஜுரம் வராம இருக்கலாம்.

வலி இல்லாததுதான் ஆபத்து

"வலி இல்ல, அதனால பரவால்ல"ன்னு அப்பா மட்டும் சொல்லல, என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் இதத்தான் சொல்றாங்க. உடம்புல இருக்கறதுலயே நீளமான நரம்பு பாதத்துக்குப் போறதுதான். பல வருஷம் சுகர் கூடுதலா இருந்தா அதோட நுனிதான் முதல்ல கெடும். ஆரம்பத்துல எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தற மாதிரி, அப்புறம் மெதுவா ஒண்ணுமே தெரியாமப் போகும். எரிச்சல் நின்னுடுச்சு, மருந்து கேட்டுடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க, உண்மையில அங்க உணர்ச்சியே போயிருக்கும். அந்த நிலைமையில செங்கல் சூடு, வெந்நீர் ஒத்தடம், நடுப்பகல்ல கோயில் பிராகாரத்துல வெறுங்கால், செருப்புக்குள்ள கெடக்கற சின்னக் கல்லு எல்லாமே ஒண்ணுதான், தோல கிழிச்சாலும் சுட்டாலும் உடம்பு சொல்லாது. தரையில படுத்தவரோட விரல எலி கடிச்சது காலையில ரத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சதுன்னு வந்தவங்களும் இருக்காங்க.

இத உலகத்துக்குப் புரிய வச்ச வேலையில பெரும்பங்கு நம்ம வேலூர்ல நடந்தது. டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில பொறந்தவர், 1946-ல வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோய் வந்தவங்களோட விரல் நோயால தானா அழுகி விழுதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்த காலம். அவர் உக்காந்து ஒவ்வொருத்தரா கவனிச்சுப் பாத்து, உணர்ச்சி போனதால படற சூடு, காயம், ஒரே இடத்துல விழற அழுத்தம், இதாலதான் போகுதுன்னு காட்டினார். வலி தெரியாத பாதத்துக்குன்னு மெத்துனு இருக்கற எம்சிஆர் ரப்பர் செருப்பு அந்த வேலையோட தொடர்ச்சியா வந்ததுதான். இன்னிக்கு சுகர்காரங்களுக்கு நாங்க எழுதித் தர்றதும் அதே செருப்புதான். அப்பாகிட்ட இதச் சொல்லுங்க, அவரோட விரல் சுகரால தானா அழுகல, சூடு பட்டு, அது தெரியாம அதே கால்ல மூணு வாரம் பஸ்ல நின்னதால இந்த நிலைமைக்கு வந்திருக்கு. சுகர்ல கால் எடுக்கற நிலைமைக்குப் போறவங்கள்ல நூத்துக்கு சுமார் 85 பேருக்கு அதுக்கு முன்னாடி ஒரு பாதப் புண்ணு இருந்திருக்கு. அந்தப் புண்ணு கட்டத்துலயே கவனிச்சா பெரும்பாலும் கால காப்பாத்திடலாம்.

பெரியப்பாவுக்கு ஏன் மேல மேல எடுத்தாங்க?

அவரோட ரிப்போர்ட் எதையும் நான் பாக்கல, அதனால அவருக்கு நடந்தது இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி ஒவ்வொண்ணா மேல ஏறினா பொதுவா காரணம் ரெண்டுதான் இருக்கும், வெட்டின இடத்துக்கு ரத்தம் போதுமான அளவு வரல, இல்லன்னா இன்ஃபெக்ஷன் முழுசா வெளியேறல.

உங்க ஊர்ல கடைமடைன்னு சொன்னா நான் விளக்க வேண்டியதில்ல. தலைமடையில தண்ணி நின்னாலும் நடுவுல வாய்க்கால் தூர்ந்து கெடந்தா கடைசி வயலுக்கு வராது, அங்க எவ்ளோ உரம் போட்டாலும் பயிர் எழும்பாது. சுகர்காரங்களுக்கு அடைப்பு அதிகமா வர்ற இடம் முழங்காலுக்குக் கீழ இருக்கற ரத்தக்குழாய்கள். தொடையில நாடி நல்லா இருக்கும், பாதத்துல இருக்காது. அந்த அடைப்போட விரல எடுத்தா, எடுத்த புண்ணு ஆறணும்னா ரத்தம் வேணும், அது இல்லாததால அந்தப் புண்ணே கறுக்க ஆரம்பிக்கும், அப்புறம் அடுத்தது. வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு கத்தி பட்டதாலதான் ஏறுச்சுன்னு தோணும். தோணறது நியாயம்தான், ஆனா ஏற வச்சது அடைப்பு.

நல்ல செய்தியும் இதுலயே இருக்கு. முழங்காலுக்குக் கீழ அடைச்சிருந்தாலும் பாதத்துக்குள்ள இருக்கற குழாய் பல பேருக்கு திறந்தே இருக்கும். அதனால பலூன் போட்டு விரிக்கறதோ, பைபாஸ் பண்றதோ நிறைய பேருக்கு சாத்தியம். ரத்தம் பாதத்துக்கு வந்துட்டா, அதுக்கப்புறம் எடுக்கற விரல் புண்ணு ஆற வாய்ப்பு நிறைய கூடும், அதோட நிக்கும். ஒரு விரல எடுக்கறது, முழங்காலுக்குக் கீழ எடுக்கறது ரெண்டையும் ஒரே வார்த்தையில "கால எடுத்துட்டாங்க"ன்னு நம்ம பேசறோம், அதுதான் பயத்த கூட்டுது. ஒரு விரல் போனா அவர் தன் சொந்தக் கால்லயே நடப்பாரு. நேரத்துக்கு எடுத்த விரல் பல தடவ காலக் காப்பாத்தறதுக்கு எடுத்த விரல்தான்.

அதனால உங்க அப்பா பயத்துல ஒரு பாதி சரி. அடைப்பு இருக்கான்னு பாக்காம, பாத்தும் சரி பண்ணாம வெட்டினா நிக்காம போகலாம். பயந்துக்கிட்டு சும்மா இருக்கறதுதான் தப்பு.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது

ரவுண்ட்ஸ் வரும்போது பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு கேளுங்க, தயங்க வேண்டாம்.

முதல் கேள்வி, "பாதத்துக்கு ரத்த ஓட்டம் பாத்தீங்களா, எவ்ளோ இருக்கு?" கணுக்கால்ல பிபி பட்டை கட்டி கையோட பிபியோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. கணுக்கால் பிபிய கை பிபியால வகுத்து வர்ற அந்தக் கணக்கு 0.9-க்குக் கீழ வந்தா அடைப்புன்னு அர்த்தம். ஆனா ரொம்ப வருஷ சுகர்ல ரத்தக்குழாய் சுவர்ல கால்சியம் படிஞ்சு கெட்டியாகி, அமுக்க முடியாம 1.3, 1.4-ன்னு தப்பா நல்ல நம்பர் காட்டும். அப்படி வந்தா நிம்மதியாகிடாதீங்க, கட்டை விரல்ல தனியா பிரஷர் பாக்க முடியுமா, டாப்ளர் ஸ்கேன் எடுக்கலாமான்னு கேளுங்க. விரல் பிரஷர் 30-க்குக் கீழ இருந்தா ரத்தக்குழாய் சர்ஜன் அவசரமா பாக்கணும்.

ரெண்டாவது, "எலும்புக்குள்ள போயிடுச்சா?" எக்ஸ்ரே எடுத்திருப்பாங்க, புண்ணுக்குள்ள ஒரு மெல்லிய கம்பிய விட்டா எலும்பு தட்டுதான்னும் பாப்பாங்க. எலும்புல கிருமி இருந்து, எலும்ப எடுக்காமலே மருந்தால மட்டும் பாக்கறதா இருந்தா சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாட்டிக் வேணும். சிலருக்கு அது சரிப்பட்டு வரும். விரல் ஏற்கனவே செத்துப் போயிருந்தா மருந்து அங்க போய்ச் சேரவே சேராது. எவ்ளோ பாகம் செத்திருக்கு, எவ்ளோ மிச்சம்னு நேர்ல பாக்கற டாக்டர்தான் சொல்ல முடியும், கடிதத்துல நான் சொல்றது சரியா இருக்காது.

மூணாவது, "எந்த இடத்துல எடுக்கப் போறீங்க, ஏன் அங்க? முதல்ல பலூன் போட்டுட்டு எடுக்கற மாதிரி இருக்கா?" இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும், சீழ் தேங்கியிருந்தா அத வெளியேத்தறதுக்கு ரத்தக்குழாய் சிகிச்சைக்காக காத்திருக்க முடியாது, அது முதல்ல. உங்க அப்பாவுக்கு அது ஆயிடுச்சு. இப்ப சிவப்பு இறங்கி, விரல் காய ஆரம்பிச்சிருந்தா, அடைப்ப சரி பண்ணிட்டு விரலுக்குப் போகலாம். மறுபடி வாடையும் வீக்கமும் வந்தா வரிசை மாறும்.

ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய படம் எடுக்க ஒரு மருந்து போடுவாங்க, அது சிறுநீரகத்த பாதிக்கலாம், அதனால அதுக்கு முன்னாடி சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் எவ்ளோன்னு கேட்டுக்கோங்க. யூரின்ல புரதம் போகுதுன்னு போன வருஷம் சொன்னதா எழுதியிருக்கீங்க, அத மறக்காம இப்ப பாக்கற டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இன்சுலின் மேல விழுந்த பழி

ஊர்ல இந்த நம்பிக்கை எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியுது. நம்ம ஆளுங்க மாத்திரையிலயே பத்து பதினஞ்சு வருஷம் இழுத்து, சிறுநீரகம், கண்ணு, நரம்பு எல்லாம் அடி வாங்கின பிறகுதான் இன்சுலினுக்கு ஒத்துக்கறாங்க. அதுக்கப்புறம் சீக்கிரமே ஒரு புண்ணு வருது. முன்னாடி வந்தது இன்சுலின், பின்னாடி வந்தது புண்ணு, அதனால இன்சுலின்தான்னு ஆயிடுது. உண்மையில அந்தப் புண்ணுக்கான வேலை பத்து வருஷமா உள்ள நடந்துக்கிட்டு இருந்திருக்கும். இன்ஃபெக்ஷன் நேரத்துல சுகர வேகமா கட்டுக்குள்ள கொண்டு வர நம்ம கையில இருக்கற நம்பகமான மருந்து இன்சுலின்தான், சுகர் 380-லயே நின்னா கிருமிய எதிர்க்கற வெள்ளணுக்கள் சரியா வேலை செய்யாது. அத நிறுத்தினது அவருக்கு கெடுதல் பண்ணிடுச்சு. ஆனா இத குத்திக் காட்டாதீங்க, அவர் அண்ணன இழந்தவர், பயத்துல பண்ணினாரு.

அதே மாதிரி சுகர மட்டும் குறைச்சா கால் தப்பிச்சுடும்னு நீங்க எழுதியிருக்கறதும் முழுசா சரி இல்ல. அவரோட மூணு மாச சராசரி சுகர காட்டற HbA1c டெஸ்ட் 11.2 இருக்கு, அது கண்டிப்பா இறங்கணும். ஆனா கால் போற ஆபத்த கூட்டறது சுகர் நம்பர் மட்டும் இல்ல. 17 வருஷ சுகர், மரத்த பாதம், யூரின்ல புரதம், இப்ப ஒரு புண்ணு, அநேகமா ரத்தக்குழாய் அடைப்பு, இவ்ளோவும் ஒரே ஆள்கிட்ட சேந்திருக்கு. இதுல நம்மால மாத்தவே முடியாதது எத்தன வருஷமா சுகர் இருக்குங்கறது. உடனே மாத்த முடிஞ்சது பீடி. காலோட ரத்தக்குழாய அடைக்கறதுல புகைதான் முன்னால நிக்குது, பலூன் போட்டு திறந்து விட்ட பிறகும் புகைச்சா மறுபடி அடைக்கும். "ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு"ங்கற பேச்சே வேண்டாம். ஆஸ்பத்திரியில படுத்திருக்கற இந்த நாள்தான் விடறதுக்கு நல்ல நேரம், வார்டு டாக்டர்கிட்ட அதுக்கான மருந்து கேளுங்க, 1800-11-2356 அரசோட இலவச நம்பர், தமிழ்லயும் பேசுவாங்க.

கால்ல அடைப்பு இருக்கறவருக்கு இதயத்துலயும் மூளைக்குப் போற குழாய்லயும் இருக்க வாய்ப்பு அதிகம். பெரியப்பா மாதிரி கால் எடுத்தவங்க ஓரிரு வருஷத்துல இறந்து போறது நிறைய நடக்குது, வெட்டினதால இறந்துட்டாங்கன்னு வீட்டுல பேசுவாங்க, பெரும்பாலும் மாரடைப்பு மாதிரி காரணம்தான் இருக்கும். அதனால ஈசிஜி, எக்கோ பாத்து, ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரை, கொழுப்பு மாத்திரை, பிபி இதெல்லாம் ஒழுங்கு பண்ணிக்கணும். கொழுப்பு நார்மல்தானேன்னு மாத்திரைய நிறுத்தற பழக்கம் இருந்தா இப்பவே விட்டுடுங்க.

கையெழுத்து யார் போடறது?

கடிதத்துல உங்க சித்தப்பா ஒரு யோசனை சொன்னதா எழுதியிருக்கீங்க, அப்பாகிட்ட "டிரெஸ்ஸிங் பண்ணப் போறாங்க"ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போயி, நீங்க கையெழுத்து போட்டு எடுத்துடலாம்னு. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. அவர் சுயநினைவோட இருக்கற பெரியவர், அவர் உடம்புக்கு அவர்தான் சம்மதம் குடுக்கணும், சட்டமும் அதத்தான் சொல்லுது. கண்ண முழிச்சு விரல் இல்லாததப் பாத்த மனுஷன் அதுக்கப்புறம் யாரையும் நம்ப மாட்டாரு, மருந்து சாப்பிட மாட்டாரு, செக்கப் வர மாட்டாரு, அப்படி ஆனவங்கள நான் பாத்திருக்கேன், அதோட விலை அடுத்த கால்ல தெரியும். உக்காந்து பேசுங்க. "அண்ணனுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக்கூடாதுன்னுதான் ரத்த ஓட்டம் பாக்கச் சொல்லியிருக்கோம்"னு சொல்லுங்க. முடிஞ்சா அதே வார்டுல விரல் எடுத்து ஆறி நடக்கற ஒருத்தர்கிட்ட பேச விடுங்க, நான் ஒரு மணி நேரம் பேசறதவிட அது நல்லா வேலை செய்யும்.

இன்னொரு டாக்டரோட கருத்து கேக்கலாமான்னா, தாராளமா. அது உங்க உரிமை, அதுக்காக எந்த டாக்டரும் கோவப்படக்கூடாது. கேஸ் ஷீட், ஸ்கேன், எக்ஸ்ரே காப்பி எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002-ம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதிமுறையிலயே இருக்கு. ஆனா இப்படி பண்ணுங்க, அப்பா வார்டுலயே இருக்கட்டும், மருந்து போய்க்கிட்டே இருக்கட்டும், நீங்க ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு போய் கேட்டுட்டு வாங்க. டிஸ்சார்ஜ் வாங்கி ஊர் ஊரா கூட்டிட்டு அலையறதுலதான் பல கால் போகுது. கேக்கறதும் ரத்தக்குழாய் சர்ஜன்கிட்டயோ, சுகர் பாதத்துக்குன்னே தனி பிரிவு இருக்கற இடத்துலயோ கேளுங்க.

பத்தியமும் பூச்சும்

புண்ணு ஆறட்டும்னு முட்டை, மீன், பருப்பு எல்லாத்தையும் நிறுத்தி ரசம் சாதமும் இட்லியும் குடுக்கறதா எழுதியிருக்கீங்க. பாசத்துல பண்றீங்கன்னு தெரியுது, ஆனா புதுச் சதை வளர புரதம் வேணும், நீங்க நிறுத்தினது சரியா அதைத்தான். சுகர ஏத்தற அரிசிய மட்டும் விட்டு வச்சுட்டீங்க. முட்டை, மீன், பருப்பு, சுண்டல் குடுக்கலாம், முட்டை சாப்பிட்டா சீழ் பிடிக்கும்ங்கறது தப்பான நம்பிக்கை. சிறுநீரகம் எந்த அளவுல இருக்குங்கறதப் பொறுத்து எவ்ளோன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

புண்ணு மேல இலை, மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். பூச்சுக்கு அடியில சிவப்பு ஏறறது யாருக்கும் தெரியாது. வெந்நீர்ல உப்பு போட்டு கால ஊற வைக்கறதும் வேண்டாம். ஆணிக்கு மெடிக்கல்ல வாங்கி ஒட்டற கார்ன் பிளாஸ்டர்ல ஆசிட் இருக்கு, மரத்த காலுக்கு அது புண்ணு பண்ணிடும். பிளேடால ஆணிய சீவற பழக்கம் இருந்தா அந்த பிளேட தூக்கிப் போட்டுடுங்க.

வேலை

ஒரு விரல் எடுத்து ஆறினவர் பெரும்பாலும் பழைய வேலைக்கே போகலாம். ஆறற வரைக்கும் நிக்கவே கூடாது, பாதத்துல எடை விழுந்தா எந்த மருந்து போட்டாலும் புண்ணு மூடாது, அதனால மெடிக்கல் லீவுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஒருவேளை கண்டக்டரா நிக்க முடியாத அளவு ஊனம் வந்துட்டாலும் வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4), அரசு நிறுவனத்துல வேலையில இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவர நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதுன்னு சொல்லுது. அதே சம்பளத்துல வேற வேலைக்கு மாத்தணும், அப்படி இடம் இல்லைன்னா இடம் கிடைக்கற வரைக்கும் இல்ல ரிட்டயர் ஆகற வரைக்கும் கூடுதல் பணியிடம் உருவாக்கி வச்சுக்கணும். அவரா பயந்து விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடாம பாத்துக்கோங்க, எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி யூனியன்லயோ தெரிஞ்ச வக்கீல்கிட்டயோ காட்டுங்க.

வீட்டுக்கு வந்த பிறகு

இந்தக் கட்டம்தான் எல்லாரும் விட்டுடற இடம். புண்ணு ஆறிடுச்சு, கதை முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. ஆறினவங்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி புண்ணு வருது, அஞ்சு வருஷத்துல அது 65 வரைக்கும் போகுது. அதனால ஒண்ணுல இருந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாதத்த டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும், சுகர் நல்லா இருந்தாலும் சரி. அந்த இன்னொரு கால இப்பவே பாக்கச் சொல்லுங்க, உணர்ச்சி இருக்கான்னு 10 கிராம் அழுத்தம் தர்ற நைலான் இழை வச்சு தொட்டுப் பாக்கற டெஸ்ட் ரெண்டு நிமிஷ வேலை, வலிக்காது.

தினமும் ராத்திரி பாதத்த பாக்கணும், அடிப்பாதம், விரல் இடுக்கு, குதிகால். அவருக்கு கண்ணு மங்கலா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அப்போ நீங்களோ அம்மாவோ பாருங்க, கண் டாக்டர்கிட்டயும் காட்டுங்க. தேங்கா எண்ணெய் தடவலாம், விரல் இடுக்குல மட்டும் வேண்டாம், ஈரம் நின்னா அங்க பூஞ்சை வரும். ஹவாய் செருப்பு போட்டா கால்ல இருந்து கழண்டதுகூட தெரியாம நடந்து போயிடுவாரு, அதனால பின்னாடி வார் இருக்கற எம்சிஆர் செருப்பு, வீட்டுக்குள்ளயும் ஒரு ஜோடி. டியூட்டிக்கு ஷூதான்னா சாயங்காலம் கால் வீங்கியிருக்கற நேரத்துல அளவு பாத்து வாங்குங்க, போடறதுக்கு முன்னாடி கைய விட்டு உள்ள தடவிப் பாக்கணும். கோயிலுக்குப் போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், அது அவருக்கு முக்கியம், விடியக்காலையில தரை சூடாகறதுக்கு முன்னாடி கெட்டியான காட்டன் சாக்ஸ் போட்டுப் போகட்டும். பாதம் வலி இல்லாம சிவந்து சூடா வீங்கினா, புண்ணே இல்லைன்னாலும் அன்னிக்கே காட்டுங்க, எலும்பு மூட்டு உள்ளுக்குள்ள நொறுங்கற ஒரு நிலைமை உண்டு, அதுவும் பல நேரம் பெரிய வலி இல்லாமத்தான் வரும்.

சுகர் மாத்திரை மாசா மாசம் வாங்க ஆள் இல்லாம விட்டுப் போகுதுன்னா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து தர்றாங்க, 2021-ல இருந்து நடக்குது, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு பதிஞ்சுடுங்க.

கடைசியா உங்க சொந்தக் கேள்வி. சுகர் குடும்பத்துல வரும், கால் போறது குடும்பத்துல வராது. ரெண்டாவது பிரசவத்துல சுகர் இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க, அதுக்கப்புறம் ஒரு தடவகூட செக் பண்ணலன்னும் எழுதியிருக்கீங்க. அப்பாவுக்குத் துணையா அதே ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க, நாளைக்கு காலையில வெறும் வயித்துல உங்களுக்கும் ரத்தம் குடுத்துட்டு வாங்க. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும். உங்க ரிசல்ட்டையும், அப்பாவோட டாப்ளர் ரிப்போர்ட்டையும் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு எழுதறேன்.